மயிலைச் சாந்தோமில் பிரான்சிஸ் சவேரியாரின் தேர்ந்து தெளிதல் (1545): மறைநூலும் மனனமும்

ஆய்வுச் சுருக்கம்

1545ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை மயிலாப்பூர்ச் சாந்தோமில் தங்கிய பிரான்சிஸ் சவேரியார், தம் அடுத்த பணிக்களத்தைத் தீர்மானித்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. அம்முடிவில் விவிலியம் திறந்து பார்க்கும் ஏடாக அன்றி, நினைவில் ஊறிய மொழியாகச் செயற்பட்டது. அதே காலத்துத் தமிழ்க் கிறித்தவர்க்கு அம்மொழியின் ஒரு பகுதியே கிட்டியிருந்தது. இவ்விரண்டும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: சாந்தோம், சவேரியார், தேர்ந்து தெளிதல், விவிலியம், மனனம்

முன்னுரை

தமிழ்க் கிறித்தவர் மறைநூலை வாழ்வின் வழிகாட்டியாகக் கொண்ட வரலாறு பெரும்பாலும் தரங்கம்பாடியிலிருந்தே தொடங்கப்படுகிறது. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அங்கு 1714-1715ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. அதற்கு முற்பட்ட கத்தோலிக்கக் காலத்தைச் செபமும் சடங்கும் மட்டுமே நிறைந்த காலமாகக் காணும் போக்கு உண்டு. அச்சிட்ட நூலையே அளவுகோலாகக் கொள்வதால் எழும் பார்வை இது. மறைநூல் மனனத்தின் வழியாகவும் ஒருவரை நெறிப்படுத்தக்கூடும். இறைவனின் விருப்பம் எதுவென ஆய்ந்து உணர்வதைத் தமிழ்க் கத்தோலிக்க வழக்கு 'தேர்ந்து தெளிதல்' என்று குறிக்கிறது. வள்ளுவர் ஆட்சியாளர்க்கு வகுத்த 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரப் பெயரோடு இச்சொல்லாட்சி நெருக்கமானது. ஆராய்ச்சி முந்த, நம்பிக்கை பிந்துதல் இரண்டிற்கும் பொது.

மயிலைக்கு வந்த சூழல்

சவேரியார் 1542ஆம் ஆண்டு மே மாதம் கோவாவை அடைந்து, அவ்வாண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544இன் பிற்பகுதியில், கிறித்தவம் தழுவிய மன்னார் மக்களை யாழ்ப்பாண அரசர் கொல்வித்தார். அதற்கு எதிராகத் திட்டமிடப்பட்ட போர்த்துக்கீசியப் படையெடுப்பை எதிர்நோக்கிச் சவேரியார் நாகப்பட்டினம் சென்றார். சரக்கேற்றி வந்த போர்த்துக்கீசியக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி, அச்சரக்கு அரசர் கைக்குப் போனதால் படையெடுப்பு கைவிடப்பட்டது. வணிக நலனுக்காக அம்முயற்சி நின்றபின், அவர் முன் இருந்த கேள்வி எளியதன்று: தமிழ்க் கடற்கரைக்குத் திரும்புவதா, கிறித்தவம் புதிதாகப் பரவியதாகச் செய்தி வந்த மக்காசாருக்குச் செல்வதா? இக்கேள்வியோடுதான் அவர் மயிலைக்கு வந்தார். திருத்தூதர் தோமாவின் கல்லறைக் கோயிலை ஒட்டி, பங்குக்குரு காஸ்பர் கொயெலியோவின் இல்லத்தில் தங்கினார்.

கடிதம் காட்டும் முறை

சாந்தோமிலிருந்து 1545 மே 8 அன்று கோவாவிலிருந்த தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதமே இதற்கு முதன்மைச் சான்று. இறைவனின் விருப்பத்தைத் தம் உள்ளத்தில் உணரச் செய்யுமாறு மன்றாடுவதையே அப்புனித இல்லத்தில் தம் பணியாகக் கொண்டதாக அவர் அதில் கூறுகிறார். பின்னர் மிகுந்த அக ஆறுதலோடு, மலாக்காப் பகுதிக்குச் செல்வதே இறைவிருப்பம் எனத் தாம் உணர்ந்ததைத் தெரிவிக்கிறார். வேறு கலம் கிடைக்காவிடினும், கட்டுமரம் ஒன்று புறப்பட்டால் அதிலேறிச் செல்லவும் தாம் ஆயத்தம் என்கிறார். தமிழ்க் கடற்கரையின் சொல்லே அவர் உறுதிக்கு அளவாக அங்கு நிற்கிறது.

சில பத்தாண்டுகளுக்குப் பின் மனுவேல் தெய்செய்ரா எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதே நாள்கள் வேறு வண்ணம் பெறுகின்றன. இரவில் கல்லறைக் கோயிலில் செபித்த சவேரியாரைப் பேய்கள் தாக்கியதாக அந்நூல் கூறும். கடிதத்தில் இதற்கு இடமில்லை. புனிதர் வரலாற்று மரபு வியப்பை முன்னிறுத்துகிறது. கடிதமோ மன்றாட்டு, காத்திருப்பு, அக ஆறுதல், செயலுறுதி என்னும் படிமுறையை முன்வைக்கிறது.

இப்படிமுறை இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' வகுத்தது. அந்நூல் அச்சேறியது 1548இல் எனினும், சவேரியார் 1534இலேயே பாரிசில் இஞ்ஞாசியாரின் வழிகாட்டுதலில் அப்பயிற்சியைப் பெற்றிருந்தார். அதன் பெரும்பகுதி நற்செய்தி நிகழ்ச்சிகளைத் தியானிப்பது. வாழ்க்கைத் தேர்வு பற்றிய பகுதி அத்தியானங்களின் நடுவே வைக்கப்பட்டுள்ளது. எனவே 'அக ஆறுதல்' என்பது மறைநூலுக்குப் புறம்பான தனியுணர்வன்று. நற்செய்தியில் பழகிய உள்ளத்தின் உணர்வு அது.

கடிதத்திற்குள் விவிலியம்

இதற்குக் கடிதத்திலேயே அகச்சான்று உண்டு. விருப்பத்தைத் தந்தவர் அதை நிறைவேற்றவும் அருள்வார் என்ற தம் நம்பிக்கையைச் சொல்லுமிடத்தில், சவேரியார் இலத்தீனுக்கு மாறுகிறார். அத்தொடர் பிலிப்பியர் திருமுகத்தின் 2:13ஆம் வசனத்தை எதிரொலிக்கிறது. ஆயினும் வசனத்தின் நேர்ப் பெயர்ப்பன்று. ஏட்டைப் பார்த்து எடுத்தெழுதியது போலன்றி, நினைவிலிருந்து தன் சூழலுக்கேற்ப உருமாறி வந்தது போல் அது அமைந்துள்ளது. குருவாக நாள்தோறும் திருப்புகழ்மாலையில் திருப்பாடல்களையும் மறைநூல் வாசகங்களையும் ஓதியவர்க்கு இது இயல்பே.

386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டத்தில் பவுலின் திருமுகத்தைத் திறந்து, கண்ணில் முதலில் பட்ட பகுதியை இறைவாக்காக ஏற்ற அகுஸ்தினாரின் முறையோடு இதனை ஒப்பிடலாம். அங்கே வசனம் முடிவைத் தந்தது. மயிலையில் வசனம் முடிவைத் தரவில்லை. முடிவைத் தாங்கும் மனநிலையைத் தந்தது. அம்முடிவும் இறுதியானதன்று. மலாக்காவை அடைந்த சவேரியார் 1546இன் தொடக்கத்தில் அம்போன் தீவை நோக்கிச் சென்றார். மக்காசாருக்கு அவர் சென்றதே இல்லை. தெளிவு பெற்றபின்னும் சூழலை ஆராய்வதை அவர் நிறுத்தவில்லை.

தமிழர் பெற்ற மனனம்

முத்துக்குளித்துறையில் சவேரியார் பரப்பிய கல்வியும் மனனத்தையே சார்ந்தது. இருமொழியும் அறிந்தோர் துணையுடன் தமிழாக்கிய விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளை, இயேசு கற்பித்த செபம், மரியன்னை வாழ்த்து ஆகியவற்றை அவர் வாய்மொழியாகக் கற்பித்தார். ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகள் அவற்றைத் தொடர்ந்து ஓதுவித்தனர். அதில் மொழியே ஒரு சிக்கலாயிற்று. விசுவாச அறிக்கையில் 'வேணும்' என்று ஓதப்பட்ட இடத்தில், நம்புதலைக் குறிக்கும் 'விசுவாச'ச் சொல்லை வைக்குமாறு 1544இல் மன்சிலாசுக்கு அவர் எழுதினார். விரும்புதலும் நம்புதலும் ஒன்றல்ல என்பது மனனத்தின் நடுவே உணரப்பட்டது.

ஆயினும் ஒரு வேறுபாடு நிலைத்தது. தமிழர்க்குக் கிட்டியவற்றில் கட்டளைகள் நன்மை தீமையைப் பிரித்துக் காட்டும். இரண்டு நன்மைகளுள் எதைத் தேர்வது என்பதற்குச் சவேரியாருக்குத் துணைநின்ற திருப்பாடல்களும் பவுலின் மொழியும் அத்தொகுப்பில் இல்லை. அண்டிரிக் அடிகளாரின் தமிழ் அச்சு நூல்கள் இவ்விடைவெளியை ஓரளவு குறைத்தன. 1578இன் 'தம்பிரான் வணக்கம்' மறைக்கல்வியையும், 1580இன் ஒப்புரவு நூல் மனச்சான்றை ஆராயும் முறையையும், 1586இன் 'அடியார் வரலாறு' வாழ்ந்து காட்டிய முன்மாதிரிகளையும் தமிழில் தந்தன. பவுலின் திருமுகங்கள் தமிழில் அச்சேற மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

முடிவுரை

விவிலியத்தைச் சார்தல் சீர்திருத்தத் திருச்சபையினர்க்கும், அக உணர்வைச் சார்தல் கத்தோலிக்கர்க்கும் உரியது என்ற பிரிப்பு மயிலைச் சான்றின் முன் நிற்காது. 1545இல் இரண்டும் ஒரே உள்ளத்தில் இணைந்திருந்தன. உண்மையான பிரிவு, மறைமொழியை விரிவாக மனத்தில் கொண்டிருந்த போதகர்க்கும் அதன் சுருக்கத்தை மட்டுமே பெற்ற மக்களுக்கும் இடையில் இருந்தது. ஆதலால் தமிழ் விவிலிய வரலாறு, எந்த நூல் எப்போது அச்சாயிற்று என்பதோடு, எந்தப் பகுதி எவர் நினைவை அடைந்தது என்பதையும் கணக்கிற்கொள்ள வேண்டும். தேர்ந்து தெளியும் உரிமை எவரெவர்க்கு எந்த அளவில் வாய்த்தது என்பதை அந்தக் கணக்கே காட்டும்.