புயமும் நட்டஈடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பொது நலத்தின்பொருட்டு அரசினரிடம் தம் புயத்தை நீட்டத் தொடங்கி இரு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. 1800ஆம் ஆண்டளவில் ஆங்கில அரசினர் கொழும்பு, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய நான்கு இடங்களில் வைசூரி வைத்தியசாலைகளை நிறுவினர். முதலில் அங்கே நோயாளியின் கொப்புளத்துச் சீழையே சுகதேகியின் கையிற் கீறிப் புகுத்தினர். அதனாலேயே மாண்டவரும் உண்டு. 1802இல் பசுவின் அம்மையிலிருந்து பெற்ற பால் இலங்கையை அடைந்தது. மருத்துவ அதிகாரி தோமஸ் கிறிஸ்தி அதனைத் தீவெங்கும் பரப்பினார். வைசூரியை அம்மனின் வருகையென நம்பி வாயிலில் வேப்பிலை செருகிய மக்கள் உடனே இணங்கியிருப்பரோ? 1886ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அம்மைப்பால் கட்டுவதைக் கட்டாயமாக்கிற்று.

கட்டாயப்படுத்தும் அரசு, அதனால் ஊறு நேரின் ஈடு செய்ய வேண்டாமா? இவ்வினாவுக்கு ஜேர்மனியின் உயர் நீதிமன்றம் 1953இல் விடை கூறிற்று. பொது நன்மைக்காகத் தியாகம் செய்ய நேர்ந்தவனுக்கு அரசு ஈடு செய்தல் வேண்டும் என்னும் 1794ஆம் ஆண்டுப் பிரஷ்யச் சட்டத்தின் கொள்கையை அது தடுப்பூசிக்கும் பொருத்தியது. பிரித்தானியா 1979இலும், ஐக்கிய அமெரிக்கா 1986இலும் இதற்கெனச் சட்டங்கள் இயற்றின.

தோளுக்கு நேரும் ஊறு இவற்றுள் விசித்திரமானது. இங்கே குற்றம் மருந்தினுடையதன்று. ஊசி இறங்கிய இடத்தினுடையது. புயத்தசையின் நடுவே இறங்கவேண்டிய ஊசி மிக மேலே குத்தப்பட்டால், தசைக்கும் எலும்புக்கும் இடையே உராய்வைத் தணிக்கும் சிறு பையை அது தாக்கலாம். பின்னர் வீக்கமும் நோவும் தோன்றும். கையைத் தலைக்கு மேல் உயர்த்தவும் இயலாது போகும். 2017இல் அமெரிக்க அரசு இதனைத் தன் நட்டஈட்டு அட்டவணையிற் சேர்த்தது. முன்பு நோவு இல்லாத தோளில் ஊசியேற்றி 48 மணி நேரத்துள் நோவு தொடங்கி, அது அத்தோளளவில் நின்று, வேறு காரணமும் காணப்படாவிடின், ஊசியே காரணமெனச் சட்டம் ஊகித்துக்கொள்ளும். ஊசியிட்டவரின் கவனயீனத்தை நிறுவ வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் இதனை அட்டவணையிலிருந்து நீக்க விதி வெளியிடப்பட்டது. சில மாதங்களுள் அவ்விதியே நீக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தவர் ஒருவர் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரின் நிலைமை வேறு. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை காணியையும் சீதனத்தையும் பற்றியே பெரிதும் பேசும். உடலூறு அதன் எல்லைக்குள் வாராது. ஆகவே இங்கும் உரோமன் டச்சுச் சட்டமே ஆளும். கவனயீனம் ஒன்று, அதனாலேயே ஊறு விளைந்தது என்பது மற்றொன்று. இரண்டையும் வழக்காளியே நிரூபிக்க வேண்டும். இரண்டாவதன் கடுமையை வேறொரு மருத்துவ வழக்குக் காட்டுகின்றது. 1992இல் இறந்த குழந்தையொன்றின் பொருட்டு மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபா விதித்தது. 2001இல் இலங்கை உயர் நீதிமன்றம், கவனயீனமே மரணத்துக்குக் காரணமென்பது நிறுவப்படவில்லை எனக் கூறி, ஒரு சதமும் இல்லாமல் அவ்வழக்கைத் தள்ளிற்று.

தோள் நோவோ மெல்ல மெல்லவே முற்றும். நோவாளி எண்ணெய் பூசியும் பரியாரியிடம் சென்றும் மாதங்களைக் கழிப்பார். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டமோ இத்தகைய வழக்குக்கு இரண்டு ஆண்டுகளே தருகின்றது.