எஞ்சிய நாடாக்களும் மறுபார்வையும்: அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களின் வரலாற்றை எழுதுவதில் சான்றுச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

பல்லாண்டுகள் ஓடிய பகல்நேரத் தொலைக்காட்சித் தொடர்களின் பழைய அத்தியாயங்களை இன்று மீண்டும் பார்ப்பது எளிதாகியுள்ளது. ஆனால் பார்க்கக் கிடைப்பவை ஒளிபரப்பானவற்றின் முழுமை அல்ல. அழிவுக்குத் தப்பியவை மட்டுமே. அமெரிக்கப் பகல்நேரத் தொடர்கள் சிலவற்றை முன்வைத்து, எவை எஞ்சின, எவை அழிந்தன, எஞ்சியவை எவ்வழியாக நம்மை வந்தடைந்தன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மறுபார்வையை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், நாடா பேணப்பட்ட வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச் சொற்கள்: பகல்நேரத் தொடர், மறுபார்வை, ஒளிநாடா, ஆவணப் பேணல், பெண் பார்வையாளர், சான்றாய்வு.

முன்னுரை

வீட்டிலிருக்கும் பெண்களைக் கருதிப் பகற்பொழுதில் ஒலிபரப்பான வானொலித் தொடர்களுக்குச் சோப்பு நிறுவனங்கள் விளம்பர ஆதரவு அளித்தன. அதனால் 1930களில் அவற்றுக்குச் 'சோப் ஓபரா' என்னும் ஏளனப் பெயர் வழங்கலாயிற்று. பெயரிலேயே அமைந்த அவ்வேளனம் இவ்வகைமையின் பிற்கால வரலாற்றையும் தொடர்ந்து வந்தது. இர்னா பிலிப்ஸ் 1930இல் சிகாகோ வானொலிக்காக எழுதத் தொடங்கிய 'பெயின்டட் டிரீம்ஸ்' இவ்வகைமையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அவர் உருவாக்கிய 'கைடிங் லைட்' 1937 சனவரி 25 அன்று வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பர் 18 வரை நீடித்தது. ஒரே கதையுலகு ஊடகம் மாறியும் 72 ஆண்டுகள் தொடர்ந்தமை குறிப்பிடத்தக்கது.

இத்தகைய தொடரின் பழைய அத்தியாயங்களை மீண்டும் பார்த்தலை இக்கட்டுரை 'மறுபார்வை' எனச் சுட்டுகிறது. மறுபார்வை பெரும்பாலும் இரசிகரின் பழநினைவு நாட்டமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அது வரலாற்றறிவுக்கு எவ்வளவு துணைபுரியும், எவ்விடத்தில் தவறான வழி காட்டும் என்பனவே ஈண்டு எழுப்பப்படும் வினாக்கள்.

ஒரு நாளைக்கென ஆக்கப்பட்ட நாடகம்

பகல்நேரத் தொடர் மறுபார்வைக்காகப் படைக்கப்பட்டதன்று. வாரத்தில் ஐந்து நாள்கள் ஒளிபரப்பாகி, அன்றன்றே முடிந்துபோவது அதன் இயல்பு. தொடக்ககாலத்தில் நடிகர்கள் படப்பிடிப்பு அரங்கில் நடிக்க, அது நேரலையாகவே வீடுகளைச் சென்றடைந்தது. 1956 ஏப்ரல் 2 அன்று ஒருங்கே தொடங்கிய 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்', 'எட்ஜ் ஆஃப் நைட்' ஆகிய இரண்டும் 1975 வரை நேரலை முறையைக் கைவிடவில்லை.

இந்நேரலைக் காலத்தின் காட்சிகளுள் இன்று பலரும் அறிந்தது 1963 நவம்பர் 22ஆம் நாளுக்குரியது. 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரில் நான்சி ஹியூஸ் தன் மாமனாரோடு உரையாடிக்கொண்டிருக்கையில், திரையில் செய்தி அறிவிப்பு அட்டை தோன்றுகிறது. குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டார் என வால்டர் கிரான்கைட்டின் குரல் அறிவிக்கிறது. அரங்கிலிருந்த நடிகர்கள் அதனை அறியாது நடிப்பைத் தொடர்ந்தனர். இப்பகுதி திரும்பத் திரும்பக் காட்டப்படுவது நாடகத்தின் பொருட்டன்று. அதனை இடைமறித்த செய்தியின் பொருட்டே. அதற்கு முந்தைய நாள் அக்குடும்பத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அறிய விழைவோர் மிகச் சிலரே. எது பேணத்தக்கது, எது பேணத்தகாதது என்னும் மதிப்பீட்டை இந்த ஒரு சான்றே விளக்கிவிடும்.

அழிக்கப்பட்டமையின் காரணங்கள்

ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் ஒளிநாடாப் பதிவுக் கருவியை அறிமுகப்படுத்தியது. அதற்குமுன், தொலைக்காட்சித் திரையையே படச்சுருளில் பதிவுசெய்யும் 'கினிஸ்கோப்' முறை வழக்கில் இருந்தது. இரண்டு அங்குல அகலமுள்ள ஒளிநாடா விலை மிகுந்தது. ஆயின் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதைப் பதிய இடமளித்தது. எனவே ஒளிபரப்பு முடிந்த அத்தியாயத்தின்மீதே அடுத்த அத்தியாயம் பதிவுசெய்யப்பட்டது. 1970களின் பிற்பகுதி வரை பல தொடர்களின் நிலை இதுவே.

பொருளாதாரக் காரணம் மட்டும் இதனை முழுமையாக விளக்காது. இரவுநேர நாடகங்கள் பல படச்சுருளில் எடுக்கப்பட்டு மறுஒளிபரப்புக்கு விற்கப்பட்டன. பகல்நேரத் தொடருக்கு அத்தகைய இரண்டாம் வாழ்வு உண்டென எவரும் கருதவில்லை. ஆயிரக்கணக்கான அத்தியாயங்களை மீண்டும் வாங்குவார் இல்லை என்பது ஒரு கணக்கு. பெண்கள் வீட்டுவேலைக்கிடையே பார்ப்பது பேணத்தக்க கலையன்று என்பது அக்கணக்கின் அடியிலிருந்த எண்ணம்.

இவ்வழிவின் விலையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 1962இல் 'கைடிங் லைட்' தொடருக்கு எழுதிய ஆக்னஸ் நிக்சன், பெர்ட் பாவர் என்னும் பாத்திரத்திற்குக் கருப்பைப் புற்றுநோய் கண்டறியப்படுவதாகக் கதை அமைத்தார். பெண்கள் முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என உணர்த்துவதே அவர் நோக்கம். நோயின் பெயரையும் உறுப்பின் பெயரையும் வெளிப்படையாகச் சொல்லக் கூடாது என்னும் கட்டுப்பாட்டிற்குள் நின்றே அவர் அதனை எழுத நேர்ந்தது. இதனை நாம் அறிவது பெரிதும் எழுத்துச் சான்றுகளாலும் நிக்சனின் பிற்கால நினைவுகூரல்களாலுமே. சொல்லப்படாத அச்சொல்லின் இடத்தில் நடிகை எவ்வாறு தயங்கினார், எவ்விடத்தில் மௌனம் காத்தார் என்பன வசனப் படியில் கிடைப்பன அல்ல. இர்னா பிலிப்ஸின் தாள்கள் விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்தில் பேணப்படுகின்றன. அவை கதையைத் தரும்; நிகழ்த்துதலைத் தரமாட்டா.

எஞ்சியவையும் வரிசை மாற்றமும்

பொதுவான அழிவுக்கு விலக்காக நின்ற தொடர்களுள் 'டார்க் ஷேடோஸ்' முதன்மையானது. டான் கர்டிஸ் உருவாக்கிய இத்தொடர் ஏபிசி அலைவரிசையில் 1966 சூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை ஒளிபரப்பானது. இதன் 1,225 அத்தியாயங்களில் ஒன்று தவிர ஏனைய அனைத்தும் ஏதேனும் ஒரு வடிவில் கிடைக்கின்றன. சில, வண்ண நாடா அழிந்து கறுப்பு வெள்ளைக் கினிஸ்கோப்பாக மட்டும் எஞ்சியுள்ளன. இழந்துபோன 1219ஆம் எண் அத்தியாயம், வீட்டில் பதிவுசெய்யப்பட்ட ஒலிநாடாவைக் கொண்டு ஒருவாறு மீட்டமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் எனப் பார்த்தால் இத்தொடரை முடிக்க மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும்.

இத்தொடர் முதலில் விக்டோரியா வின்டர்ஸ் என்னும் இளம்பெண் தன் பிறப்பின் மறைபொருளைத் தேடிப் பழைய மாளிகையொன்றுக்கு வரும் கதையாகவே தொடங்கியது. இரத்தக்காட்டேரியாகிய பார்னபஸ் காலின்ஸ் 1967 ஏப்ரலில்தான் கதைக்குள் நுழைகிறான். ஆனால் நெடுங்காலம் வழங்கிய மறுஒளிபரப்புத் தொகுப்பு, அவன் வருகையை ஒட்டிய பகுதியிலிருந்தே தொடங்கியது. அதற்கு முந்தைய இருநூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் அழியவில்லை. ஆயினும் பார்வைக்கு வாராமல் ஒதுங்கிக் கிடந்தன. விளைவாக, பெண்ணொருத்தியின் தேடலாகத் தொடங்கிய கதை, மறுபார்வையாளர் நினைவில் காட்டேரிக் கதையாகவே தொடங்குவதாயிற்று. பின்னாளில் அம்முற்பகுதி குறுவட்டுகளாக வெளிவந்தபோது, 'தொடக்கம்' எனத் தனிப்பெயர் சூட்டப்பட்டது. தொடக்கத்தைத் தொடக்கம் என்று பெயரிட்டுச் சொல்லவேண்டிய நிலை, தொகுப்பின் ஆற்றலை நன்கு உணர்த்துகிறது.

தமிழிலக்கிய வரலாற்றை அறிந்தார்க்கு இந்நிலை புதிதன்று. முத்தொள்ளாயிரச் செய்யுள்களில் இன்று கிடைப்பனவற்றுள் மிகுதியானவை புறத்திரட்டு என்னும் தொகுப்பின் வழியே எஞ்சியவை. எனவே அந்நூலைப் பற்றிய நம் மதிப்பீட்டில் தொகுத்தவரின் தெரிவும் கலந்தே உள்ளது. ஒளிநாடாக்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

கிளேர் லபைன், பால் அவிலா மேயர் ஆகியோர் படைத்த 'ரயன்ஸ் ஹோப்' (1975–1989) மற்றொரு சான்று. நியூயார்க்கில் மதுக்கூடம் நடத்தும் ஐரிஷ் மரபுக் குடும்பமொன்றின் கதை இது. ஒளிபரப்பான காலத்தில் இது முன்னணித் தொடர்களோடு போட்டியிட இயலாது நின்றுபோயிற்று. 2000 சனவரியில் தொடங்கிய 'சோப்நெட்' அலைவரிசை இதனை முதல் அத்தியாயத்திலிருந்து மறுஒளிபரப்புச் செய்தது. புதிய தலைமுறைப் பார்வையாளர் இதற்கு அமைந்தனர். பெரும்புகழ் பெற்ற வேறு பல தொடர்களின் தொடக்க ஆண்டுகள் கிடைக்காத நிலையில், குறைந்த பார்வையாளரைக் கொண்ட தொடர் இவ்வகைமையின் மாதிரியாக இன்று பயிலப்படுகிறது. எஞ்சியமை வேறு, செல்வாக்கு வேறு என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

மறுபார்வை உரைக்கும் சான்று

இவ்வரம்புகளுக்கு உட்பட்டும் மறுபார்வைக்கு ஈடிலாத பயன் ஒன்று உண்டு. நெடுந்தொடர் தன் கடந்தகாலத்தைத் தானே திருத்திச் சொல்லும் இயல்புடையது. அத்திருத்தத்தைச் சோதிக்க உதவுவது முதல் ஒளிபரப்பின் பதிவேயாகும்.

'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரில் 1979 அக்டோபரில் லூக் ஸ்பென்சர், லாராவை வன்புணர்வு செய்வதாகக் காட்டப்பட்டது. பின்னர் அவ்விருவரும் காதலராக்கப்பட்டனர். 1981 நவம்பர் 16, 17 ஆகிய நாள்களில் ஒளிபரப்பான அவர்களின் திருமணத்தை ஏறத்தாழ 3 கோடிப் பேர் பார்த்தனர். இடைப்பட்ட காலத்தில் அக்கொடுஞ்செயல் 'மயக்கி இணங்கவைத்தல்' என்னும் பொருள்படப் பேசப்பட்டு, காதல் கதையின் முன்னுரையாக மென்மையாக்கப்பட்டது. 1998இல் அவர்களின் மகன் லக்கி அதனை அறிய நேரும்போது, தொடர் தன் பழைய நிகழ்வுக்குத் திரும்பி அதனை வன்புணர்வு என்றே ஏற்றது. 1979ஆம் ஆண்டுக் காட்சியைப் பார்ப்போர், அது எவ்வாறு காட்டப்பட்டது என்பதையும் பின்வந்த சொல்மாற்றத்தையும் ஒப்பிட இயலும். சமூகம் ஒரு குற்றத்திற்கு இட்ட பெயர்களின் வரலாறு இவ்வொப்பீட்டில் வெளிப்படுகிறது.

இதற்கு மறுதலையாக 'ஆல் மை சில்ட்ரன்' தொடரைச் சுட்டலாம். கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்சநீதிமன்றம் ஏற்ற 1973ஆம் ஆண்டிலேயே, அத்தொடரின் எரிகா கேன் சட்டப்படி கருக்கலைப்புச் செய்துகொள்வதாகக் கதை அமைந்தது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து, அக்கரு உண்மையில் கலைக்கப்படவில்லை, வேறொரு பெண்ணின் கருப்பைக்கு மாற்றப்பட்டு மகனாகப் பிறந்து வளர்ந்தது எனத் தொடர் கதையை மாற்றியது. இத்தொடரின் 1970களின் முற்பகுதி அத்தியாயங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. எனவே ஒரு பெண்ணின் முடிவை மறுத்தெழுதிய இம்மாற்றத்தை, முதற்பதிவின் தொடர்ச்சியோடு வைத்துப் பார்க்கும் வாய்ப்பு பெரிதும் இல்லை. பார்வையாளரின் நினைவும் அக்கால இதழ்ச் செய்திகளுமே துணை.

வீட்டுப் பதிவுகள்

நிறுவனங்கள் பேணத் தவறியதைப் பார்வையாளர் பேணினர். சோனி நிறுவனத்தின் பீட்டாமாக்ஸ் கருவி 1975இல் சந்தைக்கு வந்தது. பின்னர்ப் பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்தல் பதிப்புரிமை மீறலாகாது என 1984 சனவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பகலில் பணிக்குச் சென்ற பெண்கள் தொடரைப் பதிவுசெய்து மாலையில் பார்க்க இது வழிவகுத்தது. இந்நாடாக்களுள் பல பின்னர் இணையத்தில் ஏற்றப்பட்டன.

இவ்வகைப் பதிவுகளுக்கு இருவேறு தன்மைகள் உண்டு. விளம்பரங்களோடும் செய்திக் குறிப்புகளோடும் எஞ்சியவை, அந்நாளின் பார்வைச் சூழலை முழுமையாகக் காட்டுவன. தாம் விரும்பிய இணையரின் காட்சிகளை மட்டும் வெட்டித் தொகுத்தவையோ, பல கிளைகளாகப் பின்னப்பட்ட கதையை ஒற்றைக் காதல் கதையாகச் சுருக்குவன. எனவே எந்நாடா யாரால், எதற்காகப் பதிவுசெய்யப்பட்டது என்னும் வினா இங்கும் இன்றியமையாததாகிறது.

முடிவுரை

மறுபார்வை கடந்தகாலத்தைத் திறந்து காட்டும் சாளரம் என்பது பாதி உண்மையே. அச்சாளரம் எத்திசையில் திறக்க வேண்டும் என்பதை நாடாவின் விலை, உரிமையாளரின் கணக்கு, மறுஒளிபரப்பின் தெரிவு, இரசிகரின் விருப்பு ஆகியன முன்னரே வகுத்துவிட்டன. ஆதலின் பழைய அத்தியாயத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அது எஞ்சிய வழியையும் அதன் முன்பின் அத்தியாயங்களின் நிலையையும் குறிப்பிடுதல் முறையாகும். எஞ்சாத ஆண்டுகளுக்கு வசனப் படிகளையும் இதழ்களையும் பார்வையாளர் நினைவுகளையும் ஒருங்குவைத்து நோக்குதல் தகும்.

பகல்நேரத் தொடர், பெண்கள் எழுதிப் பெண்கள் பார்த்த மாபெரும் கதைப்பரப்பு. நோய், வன்புணர்வு, கருக்கலைப்பு முதலியவற்றைக் குறித்து வீட்டின் நடுக்கூடத்தில் பேச்செழுந்ததற்கு அதுவும் ஒரு களம். அப்பேச்சின் பெரும்பகுதி அழிக்கப்பட்டது, அது பயனற்றது என்பதனால் அன்று. பயனற்றது எனக் கருதப்பட்டதனால். எஞ்சியவற்றைப் பார்க்கும்போது எஞ்சாதவற்றின் அளவையும் உடன் எண்ணுதலே அவ்வரலாற்றுக்கு நாம் செய்யத்தக்க நேர்மையாகும்.