பந்தைப் பகிர்ந்தளித்தவர்: பாப் கூசியின் வரலாறு



விளையாட்டில் புள்ளி எடுத்தவரின் பெயர் நிலைக்கும். பந்தைக் கொடுத்தவரின் பெயர் பெரும்பாலும் மறைந்துவிடும். கூடைப்பந்தில் பந்தை முன்னெடுத்துச் சென்று, யாரிடம் எப்பொழுது கொடுப்பது என்று தீர்மானித்து ஆட்டத்தை நடத்துபவரைப் ‘பாயிண்ட் கார்டு’ என்பர். அப்பணிக்கு இலக்கணம் வகுத்த முன்னோடி, அமெரிக்கரான பாப் கூசி.

கூசி 1928ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், பிரான்சிலிருந்து குடியேறிய எளிய குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் வாடகைக்கார் ஓட்டுநர். வீட்டு மொழி பிரெஞ்சு. ஐந்து வயதில் பள்ளி சென்ற பின்னரே ஆங்கிலம் கற்றார். ரகரத்தை லகரமாக ஒலித்ததால் மற்ற பிள்ளைகள் அவருக்குப் பட்டப்பெயர் சூட்டினர். உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்துக் குழுவுக்கு முயன்றபோது இருமுறை நீக்கப்பட்டார். அக்காலத்தில் மரத்திலிருந்து விழுந்து வலக்கை முறிந்தது. அவர் ஓய்ந்திருக்கவில்லை, இடக்கையால் பந்தைத் தட்டிப் பழகினார். இரு கைகளாலும் ஆடும் திறனைக் கண்ட பள்ளிப் பயிற்றுநர், பின்னர் தாமே அவரைக் குழுவுக்கு அழைத்தார்.

ஹோலி கிராஸ் கல்லூரிக் குழு 1947இல் தேசிய வெற்றியாளரானபோது கூசி அதில் ஆடினார். ஆயினும் 1950இல் பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்றுநர் ரெட் ஆவர்பாக் அவரைத் தேர்ந்தெடுக்க மறுத்தார். வேறு குழுக்களுக்குக் கைமாறிய கூசி, கடைசியாகச் சேர்ந்த சிகாகோ குழு கலைந்துபோனதால் நடுவில் நின்றார். எஞ்சிய மூன்று ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தொப்பியில் இட்டுச் சீட்டெடுத்தனர். பாஸ்டனுக்கு விழுந்தது கூசியின் பெயர். விரும்பி அழைக்கப்படாத அவரே அக்குழுவின் அச்சாணியானார்!

185 சென்டிமீட்டர் உயரமே கொண்ட கூசி, முதுகுக்குப் பின்னாலும் பாராமலும் பந்தை வழங்கி அரங்கை வியக்க வைத்தார். தோழர்கள் புள்ளி பெறப் பந்து வழங்குவதில் தொடர்ந்து எட்டுப் பருவங்கள் முதலிடம் வகித்தார். 1953இல் நான்கு முறை கூடுதல் நேரம் நீண்ட ஆட்டமொன்றில் 50 புள்ளிகள் எடுத்தார். 1957இல் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். 1963இல் ஓய்வு பெறுவதற்குள் ஆறு வெற்றியாளர் பட்டங்கள் வந்து சேர்ந்தன.

களத்திற்கு வெளியேயும் அவர் பிறரை நினைத்தார். கறுப்பினத் தோழர் சக் கூப்பருக்கு வட கரோலினாவில் தங்குவிடுதி இடம் தர மறுத்தபோது, அவரைத் தனியே அனுப்பாமல் இரவுத் தொடர்வண்டியில் உடன் சென்றார். 1954இல் ஆட்டக்காரர் சங்கம் தோன்ற வழிவகுத்தார். 1957இல் நிருவாகம் அதனை அங்கீகரித்தது.

இருப்பினும் ஒரு குறை அவர் மனத்தை உறுத்தியது. பட்டங்களுக்குத் துணைநின்ற கறுப்பினத் தோழர் பில் ரஸ்ஸல் இனவெறிக்கு ஆளானார். அவர் வீட்டினுள் புகுந்து நாசம் விளைவித்தனர். அன்று தாம் மேலும் துணை நின்றிருக்க வேண்டும் என்று முதுமையில் கூசி ரஸ்ஸலுக்குக் கடிதம் எழுதினார். 2019இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் பெற்ற பெரியவர் அவர். புகழின் உச்சியைக் கண்டவரும் தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொண்டது எண்ணத்தக்கது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் பேசித் தடுமாறும் பிள்ளைகள் நம்மிடமும் உளர். போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்பொழுது விடுபடும் பிள்ளைகளும் உளர். கூசியை நீக்கியவர்கள் தீயவர்கள் அல்லர். ஒருமுறை பார்த்ததோடு முடிவு செய்தவர்கள். அவரை மீட்டதோ, மறுமுறை பார்த்த ஒரு பயிற்றுநரின் கண். நாமும் மறுமுறை பார்ப்போம். அத்துடன், புள்ளி எடுத்த பிள்ளையைப் பாராட்டும் வேளையில், பந்தைக் கொடுத்த பிள்ளை யாரென்றும் கேட்போம்.