செஷல்ஸ் பழைய நோட்டுகள்: சேகரிப்பும் மதிப்பீடும்

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்கு வடகிழக்கே சிதறிக் கிடக்கும் 115 தீவுகளின் கூட்டம் செஷல்ஸ். எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 455 சதுர கிலோமீட்டர்தான். 1976 ஜூன் 29 அன்று விடுதலை பெறும் வரை இது பிரிட்டிஷ் குடியேற்றம். அந்தக் காலத்தில் வெளியான செஷல்ஸ் ரூபாய் நோட்டுகளை இன்று உலகெங்கும் உள்ள பணத்தாள் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

செஷல்ஸின் பணமும் 'ரூபாய்' என்றே அழைக்கப்படுகிறது. 1903 வரை இத்தீவுகள் மொரீஷியஸின் சார்புப் பகுதியாக இருந்தன. இந்திய வணிகமும் இந்தியத் தொழிலாளர்களும் நிறைந்திருந்த மொரீஷியஸ் 1870களில் ரூபாய்க் கணக்குக்கு மாறியபோது செஷல்ஸும் உடன் மாறியது. 1903இல் தனிக் குடியேற்றமான பிறகும் மொரீஷியஸ் நோட்டுகளே புழங்கின.

தனி நோட்டு போரால் வந்தது. 1914 ஆகஸ்டில் பிரிட்டன் முதல் உலகப்போரில் இறங்கியது. நடுக்கடலில் கப்பலை மட்டுமே நம்பியிருந்த தீவுக்குப் பணம் வந்து சேருமா என்ற கவலை எழுந்தது. அந்த மாதமே செஷல்ஸ் அரசு தன் பெயரில் அவசர நோட்டுகளை வெளியிட்டது. வேலைப்பாடற்ற எளிய தாள்கள் அவை. நெருக்கடி தீர்ந்ததும் பெரும்பாலானவை திரும்பப் போய் அழிந்தன. எஞ்சியவை விரல்விட்டு எண்ணத் தக்கவை என்பதால் செஷல்ஸ் சேகரிப்பின் உச்சப் பொருள் இவையே. பின்னர் ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் உருவங்களோடு முறையான நோட்டுகள் வந்தன. 50 சென்ட், 1 ரூபாய் போன்ற சிறு தொகைகளுக்கும் தாள் அச்சிடப்பட்டது. செஷல்ஸுக்கென்று நாணயம் 1939இல்தான் முதன்முதலில் வார்க்கப்பட்டது. அதுவரை சில்லறையாகவும் உழைத்த இந்தத் தாள்கள் சந்தையிலும் மீன் கடையிலும் கைமாறிக் கைமாறி நைந்துபோயின. எனவே கசங்காத ஜார்ஜ் காலத்து 1 ரூபாய் நோட்டு, அதைவிடப் பெரிய தொகை அச்சான பிற்கால நோட்டுகள் பலவற்றைக் காட்டிலும் அரிது.

எல்லோரும் கேள்விப்பட்டிருப்பது 1968 வரிசையைத்தான். பிராட்பரி வில்கின்சன் நிறுவனம் அச்சிட்ட இவ்வரிசையில் 5, 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகள் உண்டு. ஓவியர் அன்னிகோனி தீட்டிய இரண்டாம் எலிசபெத்தின் உருவம் இவற்றில் இடம்பெற்றது. கூடவே தீவின் உயிரினங்களும் வந்தன: 5 ரூபாயில் கருங்கிளி, 10 ரூபாயில் கடலாமை, 20 ரூபாயில் கடற்பறவை, 100 ரூபாயில் நில ஆமை. 50 ரூபாய் நோட்டில் அரசியின் உருவத்தை ஒட்டி நிற்கும் தென்னைகளின் ஓலைகளை உற்றுப் பார்த்தால் 'செக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூன்று எழுத்துகள் தெரியும். 10 ரூபாய் நோட்டில் ஆமைக்குக் கீழேயுள்ள பவளக் கொத்தில் 'ஸ்கம்' என்ற சொல்லைக் காணலாம். கசடு, இழிந்தவர் என்பது அதன் பொருள். வரைந்தவரின் குறும்பு என்றே பலரும் கருதுகிறார்கள். 50 ரூபாய் நோட்டு 1973 வரை அச்சானது.

இந்தப் புகழ் விலையைத் திரித்துவிட்டது. 50 ரூபாய் நோட்டைக் கதைக்காக வாங்குவோர், பணத்தாள் சேகரிப்பில் வேறு ஈடுபாடே இல்லாதவர்கள்கூட, ஏராளம். அழகிலும் வேலைப்பாட்டிலும் அதற்குச் சற்றும் குறையாத 20 ரூபாய் நோட்டு அதே வரிசையில் அந்த நிழலில் நிற்கிறது. அரிதின் அளவும் புகழின் அளவும் வேறு வேறு என்பதை இந்த வரிசையைப் போலத் தெளிவாகக் காட்டும் வரிசை வேறில்லை. சேகரிக்கத் தொடங்குபவர் ஒரே நோட்டில் பணத்தைக் கொட்டாமல் வரிசை முழுவதையும் தேடுவதே சரி.

விடுதலைக்குப் பின் அரசியின் இடத்தில் முதல் அதிபர் ஜேம்ஸ் மான்சம் உருவம் வந்தது. 1977 ஜூன் 5 அன்று அவர் லண்டனில் இருந்தபோது ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அடுத்து 1979இல் வந்த நோட்டுகளில் அவர் இல்லை.

செஷல்ஸ் நோட்டை மதிப்பிடுவோர் முதலில் பார்ப்பது தாளின் நிலையை. புழங்காத நோட்டு 'யுஎன்சி'. அதிலிருந்து படிப்படியாக இறங்கும் தரங்களோடு, 70 புள்ளி அளவுகோலும் இன்று வழக்கில் உண்டு. நடுவில் ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலும் தரம் இறங்கும். தீவின் ஈரக்காற்று வேறு தாளுக்குப் பகை: பழுப்புப் புள்ளிகள், குண்டூசி குத்திய துளையைச் சுற்றித் துருக்கறை. ஆகவே சுத்தமான பிரதிக்கும் நைந்த பிரதிக்கும் இடையே விலை பல மடங்கு வேறுபடும். அடுத்து நோட்டில் அச்சான தேதி. ஒரே வடிவம் பல தேதிகளில் வெளியானதால் சில தேதிகள் எளிதில் கிடைக்கும், சில கிடைக்கா. ஜெர்மானியரான ஆல்பர்ட் பிக் வகுத்த பட்டியல் எண்தான் உலகச் சந்தையின் பொதுமொழி. அதில் புகழ்பெற்ற 50 ரூபாய் நோட்டின் எண் 17.

புத்தம் புது நோட்டைத் தமிழில் சலவை நோட்டு என்போம். சேகரிப்பாளர் அஞ்சுவதோ மெய்யாகவே சலவை செய்யப்பட்ட நோட்டை. அழுக்கு நீக்கிக் கழுவி, மடிப்பு தெரியாமல் அழுத்தி, புதிது போல விற்பவர்கள் உண்டு. கழுவிய தாளில் மொடமொடப்பு இருக்காது. விரலால் தடவினால் உணரும் அச்சு மேடு தட்டையாகியிருக்கும். புறஊதா விளக்கு இன்னொரு சாட்சி. இக்கால வெள்ளைத் தாளும் சலவைத்தூளும் அதன் கீழ் நீலமாய் ஒளிரும். 1914ஆம் ஆண்டுத் தாள் அப்படி ஒளிரக் கூடாது. அவசர நோட்டு என்று சொல்லி வருவது ஒளிர்ந்தால் அது போலி, அல்லது பின்னால் யாரோ கைவைத்தது.

செஷல்ஸின் பன்னாட்டு விமான நிலையம் மாஹே தீவில் 1970களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முன் பம்பாய்க்கும் மொம்பாசாவுக்கும் இடையே ஓடிய கப்பல்களே தீவின் வாசல். மாஹேயில் தமிழ் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கடை வைத்திருந்தார்கள். ஆகவே அத்தீவோடு தொடர்பிருந்த குடும்பத்தின் பழைய பெட்டியில் இந்த நோட்டு ஒன்று கிடந்தால் வியப்பில்லை. கிடைத்தால் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிசலை டேப் ஒட்டி மூடாதீர்கள். பிவிசி கலக்காத பாலியெஸ்டர் உறையில் வைத்து, யார் எப்போது கொண்டுவந்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள்.