கடைசி அட்டையும் இரண்டு வரிகளும்

மொன்றியல் கடைகளில் வாங்கும் பற்றுச்சீட்டின் அடியில் பெரும்பாலும் இரண்டு வரித்தொகைகள் இருக்கும். ஒன்று மத்திய அரசுக்கு, மற்றது கியூபெக்குக்கு. அந்த இரண்டு தொகைகளையும் கணக்கிட்ட நிரல்களுக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கே வந்து நிரல் எழுதப் பழகிய எங்களில் சிலரும் அதற்குள் இருந்தோம்.

1988 யூன் மாதம் ஐபிஎம் நிறுவனம் ஏஎஸ்/400 என்ற நடுத்தரக் கணினியை அறிமுகப்படுத்தியது. மொத்த வியாபாரிகளும் களஞ்சியக்காரரும் விரும்பி வாங்கிய இயந்திரம் அது. அதில் பெரிதும் எழுதப்பட்ட மொழி ஆர்பிஜி. 1959இல், துளையிட்ட அட்டைகளின் காலத்தில் பிறந்த மொழி. கடைசி அட்டை வாசிக்கப்பட்டதும் ‘எல்ஆர்’ என்ற குறி விழும், மொத்தக் கூட்டுத்தொகை அச்சாகும், கோப்புகள் மூடப்படும். அட்டைகள் மறைந்த பின்னும் எல்ஆர் மறையவில்லை.

கோப்பைத் திறப்பது நேரம் பிடிக்கும் வேலை. ஆகவே எல்ஆர் போடாமல், கோப்பைத் திறந்தபடி விட்டுத் திரும்பும் வழக்கம் வந்தது. அடுத்த அழைப்பு விரைவாக நடக்கும். ஆனால் திருத்துவதற்கென்று எடுத்த பதிவை விடுவிக்க மறந்தால் அது பூட்டியே கிடக்கும். அடுத்த மேசைக்காரரின் திரை, வழமையான அமைப்பில், 60 விநாடி காத்திருந்துவிட்டுப் பிழை காட்டும்.

1991 ஜனவரி 1இல் மத்திய அரசின் 7 வீத வரி வந்தது. 1992 யூலை 1இல் கியூபெக்கின் புதிய வரி, விலையோடு மத்திய வரியையும் கூட்டி அதன்மேல் விதிக்கப்பட்டது. அப்போது நான் வேலைசெய்த மொத்த வியாபார நிறுவனத்தில் வரிக்கணக்கு ஒவ்வொரு நிரலிலும் தனித்தனியாகப் பிரதி செய்யப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் திருத்தினோம், ஒன்றைத் தவிர. சரக்கைத் திருப்பி அனுப்பிய கடைக்காரருக்கு விலையும் மத்திய வரியும் திரும்பின. கியூபெக் வரி திரும்பவில்லை. கையால் கணக்கு வைத்திருந்த ஒரு சிறு கடைக்காரர் வந்து காட்டும்வரை எங்களுக்குத் தெரியாது.

1993–94இல் ஐபிஎம் இந்த இயந்திரத்தின் நிரலமைப்பை மாற்றியது. அதற்கான ஆர்பிஜி தொகுப்பியை உருவாக்கியவர்கள் ரொறன்ரோ ஆய்வுகூடத்தினர். வரிக்கணக்கை ஒரே ‘சேவை நிரலில்’ வைத்து எல்லா நிரல்களும் அழைக்கலாம். அழைக்கும் முறை மாறாதவரை மற்றவற்றை மீண்டும் தொகுக்க வேண்டியதில்லை.

பொது நிரல் திறந்த கோப்பு யாருடையது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ‘இயக்கக் குழு’ என்ற ஏற்பாடு வந்தது. அழைப்பவரின் குழுவிலேயே ஓடினால், ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பிரதி, தனித் திறப்பு. பெயரிட்ட ஒரு குழுவில் ஓடினால், ஒரே அமர்வின் நிரல்கள் அனைத்துக்கும் ஒன்றுதான். ஒருவர் கோப்பில் நகர்ந்தால் மற்றவரும் நகர்ந்துபோவார். குழு முடிந்தால் அது திறந்த கோப்புகளும் மூடப்படும்.

வீதங்கள் மாறிக்கொண்டே இருந்தன: கியூபெக் வரி 1998இல் 7.5, 2011இல் 8.5, 2012இல் 9.5, மத்திய வரி 2006இல் 6, 2008இல் 5. 2013 ஜனவரி 1இல் கியூபெக் வரிமேல் வரி போடுவதை நிறுத்தி, வீதத்தை 9.975 ஆக்கியது. முன்பு 100 டொலர் பொருளுக்கு 105இன் 9.5 வீதம், இப்போது 100இன் 9.975 வீதம். இரண்டும் ஒரே தொகை. வாங்குபவர் கொடுக்கும் காசு மாறவில்லை. பொது நிரல் வைத்திருந்தவர்கள் கணக்கை ஓரிடத்தில் திருத்தினார்கள். பிரதிகள் வைத்திருந்தவர்கள் மறுபடி தேடப் புறப்பட்டார்கள்.