பெயர் போனாலும் ஊர் நிற்கும்: சுவீடன்காரர்கள் பூர்வீகம் தேடும் கதை

வெளி மாநிலத்தில் தமிழர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி, "சார், உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதுதான். இதே கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. சுவீடனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர்களின் வாரிசுகள்தான் அவர்கள். டெல்லியில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் முப்பது வருஷம் பழைய கட்டுகளோடு மல்லுக்கட்டியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு கோதன்பர்க் நகரில் இருக்கும் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கினேன். அவர்கள் பூர்வீகம் தேடும் முறையை அங்கேதான் அறிந்தேன்.

1850 முதல் 1930 வரை சுமார் 13 லட்சம் சுவீடன்காரர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். 1850ல் அந்நாட்டின் மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய 35 லட்சம்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஜனம் பெருகியது, நிலம் பெருகவில்லை. ஸ்மோலண்ட் போன்ற பகுதிகளில் ஏர் பிடித்தால் மண்ணைவிடக் கல்தான் அதிகம் கிளம்பும். 1867ல் கடுங்குளிர், மறு வருஷம் வறட்சி என்று பஞ்சமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவிலோ 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியேறி உழுபவர்களுக்கு 160 ஏக்கர் கிடைத்தது. கோதன்பர்க்கில் கப்பலேறி, இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்தார்கள்.

சரி, கொள்ளுப்பேரன் இன்று எப்படித் தேடுவது? பெயரை வைத்துத் தேடினால் கதை கந்தல்தான். அன்றைய கிராமத்துச் சுவீடனில் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் கிடையாது. ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்ஸோன், மகள் ஆண்டர்ஸ்டோட்டர். நம் இனிஷியல் மாதிரி, தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பட்டாளத்தில் சேர்ந்தால் அதுவும் போச்சு. ஒரே படைப்பிரிவில் பத்து ஆண்டர்ஸ் இருந்தால் குழப்பம் என்று, சுறுசுறுப்பானவன் எனப் பொருள்படும் ராஸ்க் போன்ற ஒரு சின்னப் பெயரைச் சூட்டிவிடுவார்கள். அமெரிக்கா போனதும் யோஹான்ஸோன், ஜான்சன் ஆகிவிடுவான்.

இதற்குப் பிரசித்தமான உதாரணம் ஒன்று. தெற்கே ஸ்கோனே பகுதியில் கோர்ட்லோஸா என்ற ஊரைச் சேர்ந்த விவசாயி ஓலா மோன்ஸோன். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். வங்கிப் பண மோசடி வழக்கில் சிக்கி, 1859ல் அமெரிக்கா போய் மின்னசோட்டாவில் குடியேறினார். அங்கே அவர் பெயர் ஆகஸ்ட் லிண்ட்பெர்க். 1927ல் அட்லாண்டிக்கைத் தன்னந்தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் இவருடைய பேரன்தான். ஓலா பிறந்த காலத்து ஏடுகளில் லிண்ட்பெர்க் என்று தேடினால் என்ன கிடைக்கும்?

ஆகவே பிடித்துக்கொள்ள வேண்டியது ஊரை, அதாவது பங்கின் பெயரையும் பண்ணையின் பெயரையும். இதற்குக் கைகொடுப்பது 1686ஆம் ஆண்டுச் சர்ச் சட்டம். பாதிரியார் தம் பங்கில் உள்ள குடும்பங்களின் வேத அறிவைச் சோதிக்க வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரிகிறதா, வேதப் பாடம் ஒப்பிக்கத் தெரிகிறதா என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். அந்த ஏடு ஆள் பெயர் வரிசையில் இல்லை, ஊர் ஊராக, பண்ணை பண்ணையாக இருக்கிறது. பிறப்பு, திருமணம், எங்கிருந்து வந்தார், எங்கே போனார் எல்லாம் ஒரே பக்கத்தில்! ஆளைக் கண்காணிக்க எழுதின ஏடு, ஆளைக் கண்டுபிடிக்க உதவுகிறது.

1869 முதல் கோதன்பர்க் போலீஸார் வைத்திருந்த பயணிகள் பட்டியலும் உண்டு. அமெரிக்காவில் சுவீடன்காரர்கள் கட்டிய சர்ச்சுகளின் பதிவேடுகளில் பிறந்த பங்கின் பெயர் பல இடங்களில் இருக்கும். சுவீடனின் தேசிய ஆவணக் காப்பகம் 2018 முதல் தன் பழைய ஏடுகளை இணையத்தில் இலவசமாகவே காட்டுகிறது.

பண்ணைப் பெயர் கிடைத்தாலும் வேலை முடியவில்லை. 1827ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தத்தின்போது, துண்டு துண்டாகக் கிடந்த வயல்களை ஒன்றுசேர்த்தார்கள். ஊர் நடுவே கூட்டமாக இருந்த வீடுகளைப் பிரித்து அவரவர் நிலத்துக்கே கொண்டுபோகச் செய்தார்கள். ஆகவே பெயர் அதே, இடம் வேறு என்று ஆகியிருக்கலாம். 1628ல் தொடங்கிய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களைப் பார்த்துத்தான் சரியான இடத்தைச் சொல்ல முடியும்.

மகளின் பக்கத்து வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பாட்டியம்மாள் விருந்தாளியாக வந்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். கையில் ஏட்டின் நகல் ஒன்று, வரைபடம் ஒன்று. ஸ்மோலண்டுக்குப் புறப்பட்டபோது நானும் தொற்றிக்கொண்டேன். போய்ச் சேர்ந்த இடத்தில் வீடு இல்லை. பைன் மரக் காடு. உழவுக்காகப் பொறுக்கிக் குவித்த கற்கள் பாசி பிடித்துக் கிடந்தன. நிலவறைப் பள்ளம் ஒன்று, பக்கத்தில் யாரோ வைத்த லைலாக் புதர். அவ்வளவுதான். அந்தம்மாள் கற்குவியல் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இதைப் பொறுக்கினவர் கை என் கை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் குடும்பத்து நிலம் எங்கே?" என்று கேட்டார்.

நான் திணறிப் போனேன். என் இனிஷியலில் முதல் எழுத்து ஊரின் எழுத்து. ஊர்ப்பெயர் சொன்னேன். தாத்தா விற்ற நிலம் வாய்க்காலுக்கு எந்தப் பக்கம், சர்வே எண் என்ன, வீடு எந்தத் தெரு, ஒன்றும் தெரியவில்லை. என் அப்பாவுக்குத் தெரியும், நான் கேட்கவில்லை. இன்று கேட்க அவர் இல்லை. டெல்லியில் பிறந்த என் பிள்ளைகளோ அந்த ஊர் எழுத்தையும் விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் இடைஞ்சலாம்!

நம் வீட்டுக் கதையை எந்தப் பாதிரியாரும் எழுதி வைக்கவில்லை, அன்பர்களே. நாம்தான் எழுத வேண்டும். இந்த மலரைப் படித்து முடித்ததும் ஒரு நோட்டை எடுங்கள். ஊர், வட்டம், தெரு, பட்டா எண், குலதெய்வக் கோயில், யார் எந்த வருஷம் எங்கே புறப்பட்டுப் போனார் என்று எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று ராத்திரியே கேட்டுவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட்டவன் சொல்கிறேன்.