பாரிஸில் கையெழுத்து, அரியலூரில் படையெடுப்பு

பெரம்பலூரைத் தாண்டிச் சென்னை நோக்கிப் போகும்போது வருவது ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-இல் இதன் முன்னால் இரண்டு படைகள் வந்து நின்றன. முகமது அலிக்காக ஆங்கிலேயர். சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரர். ஆர்க்காட்டு நவாப் யார் என்பதுதான் வழக்கு.

கோட்டைக் காவலரான கிலேதார் இருவருக்கும் கதவைத் திறக்கவில்லை. இரு தரப்போடும் பேசிப் பேசியே நாட்களைக் கடத்தினார். பொறுமையிழந்த ஆங்கிலேயர் கோட்டையை ஒட்டிய பேட்டைக்குத் தீ வைத்தார்கள். அதன் பிறகே அவர் பிரெஞ்சுக்காரரை அழைத்தார். ஆங்கிலப் படை கலைந்து திருச்சிக்குப் பின்வாங்கியது; இளம் ராபர்ட் கிளைவும் அதில் இருந்தார். அந்தக் கிலேதாரைச் சந்தர்ப்பவாதி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பீரங்கிக்கு எதிராக அவர் கையில் இருந்தது காலம் ஒன்றுதான்.

நவாப் யார் என்ற கேள்விக்கு விடை கடைசியில் பாரிஸில் எழுதப்பட்டது. 1763 பிப்ரவரி 10 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, முகமது அலியே கர்நாடகத்தின், அதாவது ஆர்க்காட்டு அரசின், சட்டபூர்வ நவாப் என்றது. எழுதியவர்கள் ஐரோப்பியர்கள். இங்கிருந்த பாளையக்காரர்களான அரியலூர் மழவராயரையோ, உடையார்பாளையத்துக் காலாட்கள் தோழ உடையாரையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டே ஆண்டுகளில் விளைவு தெரிந்தது. பேஷ்குஷ் என்ற கப்பம் பாக்கி இருக்கிறது, தன்னை எதிர்த்த யூசுப் கானை மதுரையில் முற்றுகையிட்டபோது உதவிக்கு வரவில்லை என்று நவாப் இந்த இரு பாளையக்காரர்கள்மேலும் குற்றம் சாட்டினார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அவருக்குத் துணைக்கு வந்தது. 1765 ஜனவரியில் முதலில் அரியலூர் விழுந்தது. அதன் இளம் பாளையக்காரர் உடையார்பாளையத்துக்குத் தப்பினார். அதே மாதம் அதுவும் வீழ்ந்தது. இருவரும் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் தஞ்சம் புகுந்தார்கள். ஒரு ஐரோப்பியக் கம்பெனியிடமிருந்து தப்ப இன்னொரு ஐரோப்பியக் கம்பெனியின் கோட்டை!

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று 2016-இல் அதே பிரிட்டன் தன் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. தன் முடிவைத் தானே எடுக்கும் அந்த உரிமையை நான் மதிக்கிறேன். அதனால்தான் அது அரியலூருக்கு மறுக்கப்பட்டதை மறக்க முடியவில்லை. பாளையக்காரர் ஆட்சி மக்களாட்சி அல்ல. ஆனாலும் தன் மண்ணின் முடிவு தன் மண்ணில்தான் எடுக்கப்பட வேண்டும் என்ற நியாயம் அவர்களுக்கும் உண்டு.

ஆங்கிலேயரை நம்பிய நவாப் குடும்பமும் தப்பவில்லை. 1801 ஜூலை 31 ஒப்பந்தத்தில் கர்நாடகத்தின் நிர்வாகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்த ஒப்பந்தம் உருவான கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.